கூரை ஒழுகுகிறது, வாடகையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்பத்தூர் பக்கம் ஒரு தனி வீட்டின் முதல் மாடியில் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகக் குடியிருக்கிறோம். மாத வாடகை 14,000 ரூபாய், அட்வான்ஸ் 1 லட்சம். 11 மாத ஒப்பந்தம் போட்டோம். அது முடிந்த பிறகு புதுப்பிக்கவில்லை. மழை பெய்தால் படுக்கையறைக் கூரை ஒழுகுகிறது. ஓரிடத்தில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. கீழே குடியிருக்கும் வீட்டு உரிமையாளரிடம் வாட்ஸ்அப்பில் பலமுறை சொல்லியும் "அப்புறம் பார்க்கலாம்" என்பதே பதில். சுவருக்குள் உடைந்த பைப்பை மாற்ற 3,600 ரூபாயும், ஈரத்தால் கெட்ட ஒயரிங்கை மாற்ற 5,200 ரூபாயும், குழாய், சிஸ்டர்ன் வேலைக்கு 900 ரூபாயும் நாங்களே செலவு செய்தோம். கூரையைச் சரிசெய்ய 80,000 ஆகும் என்கிறார் கொத்தனார். வெறுத்துப்போய் மூன்று மாதமாக வாடகை கொடுக்கவில்லை. இப்போது 42,000 பாக்கியைக் கட்டி வீட்டைக் காலி செய்யும்படி வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிடுவேன் என்றும் மிரட்டுகிறார். பாக்கியை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்லலாம் என்கிறார் என் கணவர். அது சரியா? – ஒரு வாசகி

பதில்: சகோதரி, உங்கள் குறை நியாயமானது. ஆனால் நீங்கள் எடுத்த வழி உங்களுக்கே பாதகமானது. பாக்கி 42,000 ரூபாயையும் உடனே கட்டிவிடுங்கள். அட்வான்ஸில் கழிக்க வேண்டாம், செய்த செலவையும் இப்போது பிடிக்க வேண்டாம். கூரைக்கான சண்டையை அதற்கு அடுத்த நாளிலிருந்து எழுத்தில் தொடங்குங்கள். இந்த வரிசை மாறினால், குற்றம் உரிமையாளருடையதாக இருந்தும் வீட்டை இழப்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவை இப்போது ஆள்வது 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம். 22.2.2019 முதல் நடைமுறையில் உள்ளது. இதன் 21-ஆம் பிரிவில் வீட்டைக் காலி செய்யக் கேட்பதற்கான காரணங்கள் வரிசையாக உள்ளன. இரண்டு மாத வாடகை பாக்கி அவற்றில் ஒன்று. 1960-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தில் 'வேண்டுமென்றே' வாடகை செலுத்தத் தவறினாரா என்பதை நீதிமன்றம் பார்க்கும். கையில் பெரிய அட்வான்ஸ் வைத்துக்கொண்டு பாக்கி என்று சொல்லலாமா என்ற வாதம் அப்போது வாடகைதாரர்களைக் காப்பாற்றியதுண்டு. உங்கள் கணவர் சொல்வது அந்தக் காலத்து வழி. புதிய சட்டத்தில் 'வேண்டுமென்றே' என்ற சொல்லுக்கே இடமில்லை. கட்டினீர்களா, இல்லையா என்பதுதான் கேள்வி. அட்வான்ஸ் என்பது நீங்கள் காலி செய்யும்போது கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டிய தொகை. அதிலிருந்து மாத வாடகையைக் கழிக்கும்படி உரிமையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டும் கழிக்கலாம்.

அதே பிரிவு உங்களுக்கு ஒரு கதவையும் திறந்து வைத்திருக்கிறது. பாக்கியைக் கேட்டு வந்த நோட்டீஸ் கையில் கிடைத்த ஒரு மாதத்துக்குள், வட்டி உட்பட முழுப் பாக்கியையும் செலுத்திவிட்டால் அந்தக் காரணத்துக்காக வெளியேற்ற உத்தரவு போட முடியாது. 'முழு' என்பதைக் கவனியுங்கள். உங்கள் 9,700 ரூபாயைக் கழித்துக்கொண்டு 32,300 மட்டும் அனுப்பினால், கழித்தது செல்லுமா என்ற வழக்கு தனியாக நடக்கும். செல்லாது என்று முடிவானால் நீங்கள் முழுப் பாக்கியைக் கட்டாதவர் ஆகிவிடுவீர்கள். பத்தாயிரத்துக்கும் குறைவான தொகைக்காக வீட்டையே பணயம் வைக்காதீர்கள். இன்னொன்று, இந்தச் சலுகை ஒருமுறைதான் கைகொடுக்கும். பயன்படுத்திய பிறகு ஏதேனும் ஓராண்டில் மீண்டும் தொடர்ச்சியாக இரண்டு மாதம் தவறினால் அது கிடைக்காது.

நோட்டீஸில் 15 நாள் கெடு என்று போட்டிருக்கலாம். அது வக்கீல் எழுதுகிற வழக்கம். ஆனாலும் அந்த 15 நாளுக்குள்ளேயே கட்டுவது நல்லது. நோட்டீஸ் வந்த உறையைக் கிழித்துப் போடாமல் வைத்திருங்கள். என்றைக்குக் கிடைத்தது என்பதை அதன் முத்திரையும் தபால் கண்காணிப்பு எண்ணும்தான் சொல்லும்.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கிக் கணக்கு வழியாக, மாதத்துக்கு ஒன்றாக மூன்று தனித்தனிப் பரிமாற்றமாக அனுப்புங்கள். குறிப்புப் பகுதியில் எந்த மாத வாடகை என்று எழுதுங்கள். மொத்தமாக 42,000 அனுப்பினால், "அது கைமாற்றாக வாங்கியதைத் திருப்பித் தந்த பணம்" என்று பின்னால் சொல்ல வாய்ப்புண்டு. ஒப்பந்தத்தில் தாமத வட்டி எழுதியிருந்தால் அதையும் நாள் கணக்கில் கூட்டி நான்காவது பரிமாற்றமாக அனுப்புங்கள். அவர் பணத்தை வாங்க மறுத்தாலோ, கணக்கு எண்ணைத் தராவிட்டாலோ மணியார்டரில் அனுப்புங்கள். தொடர்ந்து இரண்டு மாதம் மறுத்தால், இந்தச் சட்டத்துக்காக மாவட்ட ஆட்சியர் நியமிக்கும் வாடகை அதிகாரியிடம் செலுத்தச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு வழி சொல்கிறது. ஆனால் உங்கள் தலைக்குமேல் ஒரு மாதக் கெடு ஓடுவதால், மறுப்பு வந்த உடனே வக்கீல் மூலம் பாக்கியை முறைப்படி செலுத்த மனுப் போடுங்கள். காத்திருக்க வேண்டாம்.

கட்டிய அன்றே நோட்டீஸுக்குப் பதில் போக வேண்டும். அது இரண்டு பக்கத்துக்குமேல் வேண்டாம். கோபம் வேண்டவே வேண்டாம். இப்படி எழுதலாம்:

"தங்கள் கட்சிக்காரர் கோரிய செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாத வாடகை 42,000 ரூபாய் இன்று வங்கி வழியாக முழுமையாகச் செலுத்தப்பட்டது. பழுதுகள் தொடர்பான என் உரிமைகளுக்குப் பாதகமின்றி இத்தொகையைச் செலுத்துகிறேன். படுக்கையறைக் கூரை ஒழுகுவதையும், காரை பெயர்ந்து கம்பி வெளியே தெரிவதையும் வாட்ஸ்அப் வழியாகப் பலமுறை தெரிவித்தும் சரிசெய்யப்படவில்லை. இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள் கூரைப் பழுதைச் சரிசெய்யும் வேலையைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தவறினால் சட்டப்படியான நடவடிக்கையை மேற்கொள்வேன்."

'உரிமைகளுக்குப் பாதகமின்றி' என்ற தொடரை விட்டுவிடாதீர்கள். பணம் கட்டியதால் பழுது இல்லை என்று ஒப்புக்கொண்டதாக ஆகாமல் தடுப்பது அதுதான். வக்கீலுக்கு ஒன்று, உரிமையாளருக்கே நேரடியாக ஒன்று என்று இரண்டு பிரதிகள் தபாலில் போகட்டும். பதிவுத் தபால் 2025-இல் ஸ்பீடு போஸ்டுடன் இணைக்கப்பட்டுவிட்டதால், ஸ்பீடு போஸ்டிலேயே பதிவு வசதியுடன் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இனி பழுதுக்கு வருவோம். சட்டத்தின் 15-ஆம் பிரிவும் இரண்டாம் அட்டவணையும் எந்த வேலை யாருடையது என்று பிரித்திருக்கின்றன. கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுது, வெள்ளையடித்தல், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவையானபோது பைப் மாற்றுவது, உள்ளும் வெளியும் ஒயரிங் ஆகியவை உரிமையாளர் பொறுப்பு. குழாய் மற்றும் அதன் வாஷர், கழிவறை, வாஷ்பேசின் பழுது, கீசர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கைப்பிடி, கண்ணாடி, கொசுவலை, வடிகால் சுத்தம் ஆகியவை வாடகைதாரர் பொறுப்பு. ஆகவே உங்கள் 900 ரூபாய் உங்களுடையதுதான், அதை மறந்துவிடுங்கள். மீதி 8,800 ரூபாயைக் கேட்க அடிப்படை இருக்கிறது.

ஆனால் அதில் இரண்டு பில்லும் ஒரே நிலையில் இல்லை. ஒயரிங்கைப் பற்றி முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லி, அவர் தள்ளிப்போட்ட பிறகு செய்திருந்தால் 5,200 ரூபாய்க்கு உங்கள் நிலை வலுவாக இருக்கிறது. உரிமையாளர் தன் பொறுப்பிலுள்ள பழுதைச் செய்ய மறுத்தால், வாடகைதாரரே செய்து வாடகையில் கழிக்கலாம் என்று அதே 15-ஆம் பிரிவு சொல்கிறது. ஒரு மாதத்தில் கழிப்பது மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்களுக்கு அந்த உச்சம் 7,000. பைப் உடைந்தபோது அவசரத்தில் சொல்லாமலே மாற்றியிருந்தால், "என்னிடம் சொல்லியிருந்தால் நானே குறைந்த செலவில் செய்திருப்பேன்" என்று அவர் சொல்ல இடமிருக்கிறது. அந்த 3,600 ரூபாயைக் கழிக்காமல் கேளுங்கள். அவர் தராவிட்டால் மனுவில் சேருங்கள். 5,200 ரூபாயை மட்டும், பில் நகலுடன் முன்கூட்டியே எழுதித் தெரிவித்துவிட்டு, அடுத்து வரும் மாதங்களில் ஏதோ ஒன்றில் கழித்து, மீதி வாடகை 8,800 ரூபாயை அனுப்பலாம். பாக்கிக் காலத்து வாடகையில் கை வைக்காமல், பாக்கி தீர்ந்த பிறகு வரும் மாதத்தில் கழிப்பதுதான் பாதுகாப்பு.

கூரையை நீங்களே சரிசெய்யும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். 80,000 ரூபாயை மாதம் 7,000 என்று கழித்தால் 12 மாதம் ஆகும். அதற்குள் நீங்கள் காலி செய்ய நேர்ந்தால் மீதிக்கு வழக்குதான். தவிர, மொட்டை மாடியை உடைத்துத் தட்டோடு பதிப்பதெல்லாம் கட்டடத்தில் கைவைக்கும் வேலை. அவர் எழுத்தில் அனுமதி தராமல் செய்தால், கட்டடத்தைச் சேதப்படுத்தினீர்கள் என்ற புதுக் குற்றச்சாட்டுக்கு நீங்களே இடம் கொடுத்ததாகும். அடுத்த மழையிலும் ஒழுகினால், உங்கள் கொத்தனார் கெடுத்தார் என்பார்.

கூரை விஷயத்தில் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது சாட்சியம். பெரும்பாலான வாடகைதாரர்கள் கோட்டைவிடுவதும் இங்கேதான். ஈரக்கறை படிந்த கூரையின் ஒரு படத்தை மட்டும் வைத்துக்கொண்டு போனால், அது எந்த வீடு, எந்தத் தேதி, எவ்வளவு பெரிய பழுது என்று எதுவும் தெரியாது. ஒவ்வொரு பழுதுக்கும் மூன்று படம் எடுங்கள். முதலாவது, அறை முழுதும் தெரியும்படி. இரண்டாவது, அந்தப் பகுதி மட்டும். மூன்றாவது, பெயர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் ஒரு அளவுநாடாவைப் பிடித்து. மழை பெய்யும்போதே வீடியோ எடுங்கள். ஜன்னல் வழியாக மழையைக் காட்டி, வெட்டாமல் அப்படியே கூரைக்கு வந்து, சொட்டு விழும் பாத்திரம் வரை போங்கள். மழை நின்று எத்தனை மணிநேரம் கழித்தும் சொட்டுகிறது என்பதையும் ஒரு வீடியோவில் பதிவு செய்யுங்கள். மழை இல்லாத நாளிலும் சொட்டினால் மேல்நிலைத் தொட்டியோ பைப்போதான் காரணமாக இருக்கும். அப்போது பழுதும் வேறு, அதைச் சரிசெய்யும் வேலையும் வேறு.

ஏன் ஒழுகுகிறது என்பதும் முக்கியம். உரிமையாளரின் முதல் பதில் அநேகமாக, "மாடியில் மழைநீர் போகும் துவாரம் அடைத்திருக்கிறது, வாடகைதாரர் சுத்தம் செய்யவில்லை" என்பதாக இருக்கும். வடிகால் சுத்தம் உங்கள் பட்டியலில் வருவதால் அந்த வாதம் எடுபடும். ஆகவே இன்றே மாடிக்குப் போய்த் துவாரத்தில் சேர்ந்த சருகையும் மண்ணையும் எடுத்துவிட்டு, சுத்தமான நிலையைப் படம் எடுங்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது தங்காமல் ஓடுவதையும் வீடியோவில் காட்டுங்கள். அதற்குப் பிறகும் ஒழுகினால் அந்த வாதம் முடிந்தது. அப்போது பார்க்க வேண்டியவை தட்டோடுகளுக்கு இடையே விட்டுப்போன பூச்சு, கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலை, தொட்டியின் கீழ்ப்பகுதி.

கம்பி தெரிவது இதைவிடக் கவனிக்க வேண்டியது. தண்ணீர் கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பி துருப்பிடித்தால், துரு கம்பியைவிட அதிக இடம் எடுக்கும். அது உள்ளிருந்து தள்ளுவதால் கீழ்ப்பூச்சு விரிசல் விட்டுப் பாளமாகக் கழன்று விழுகிறது. மேலே சிமென்ட் பூசி வெள்ளையடித்தால் அடுத்த மழைக்குள் மீண்டும் பெயரும். துருவைச் சுரண்டி, கம்பிக்குப் பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, தகுந்த கலவையால் நிரப்பி, மேலிருந்து நீர் இறங்குவதையும் அடைத்தால்தான் அது பழுதுபார்ப்பு. பூச்சு வேலையை மட்டும் செய்துவிட்டு "சரிசெய்துவிட்டேன்" என்று உரிமையாளர் சொல்வதைத் தடுக்க, ஒரு தகுதிபெற்ற கட்டடப் பொறியாளரிடம் எழுத்து அறிக்கை வாங்குங்கள். பழுதின் அளவு, காரணம், செய்ய வேண்டிய வேலை, அறையில் படுப்பது பாதுகாப்பானதா என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். கொத்தனாரின் வாய்மொழிக் கணக்கு அதிகாரி முன் நிற்காது. அதுவரை அந்தப் பாளத்துக்குக் கீழே குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள். கட்டிலை நகர்த்திப் போடுங்கள்.

வாட்ஸ்அப் உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமியுங்கள். போனை மாற்றாதீர்கள். செய்திகளை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்களை அச்செடுத்தால் மட்டும் போதாது. 1.7.2024 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சியச் சட்டம் 63-ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும். அதில் ஒரு பகுதியை நீங்களும், இன்னொரு பகுதியை ஒரு நிபுணரும் கையொப்பமிட வேண்டும். வக்கீல் அதைத் தயாரிப்பார். மூல போன் உங்கள் கையில் இருந்தால் வேலை சுலபம்.

உங்கள் வழக்கில் என்னை உண்மையில் கவலைப்பட வைப்பது வாடகை பாக்கி அல்ல, ஒப்பந்தம். 11 மாதம் என்று போட்டால் பதிவு வேண்டாம் என்பது பலரும் நம்புவது. சார்பதிவாளரிடம் பதிவதற்கு மட்டும்தான் அது பொருந்தும். 2017 சட்டத்தின்படி கால அளவு எதுவானாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். உங்களுடையது காலாவதியும் ஆகிவிட்டது. அதனால் இரண்டு பாதிப்பு. ஒன்று, ஒப்பந்தம் செய்துகொள்ளவில்லை என்பதையே காரணம் காட்டி 21-ஆம் பிரிவில் வெளியேற்றம் கேட்க உரிமையாளருக்கு வழி இருக்கிறது. பாக்கியைக் கட்டினாலும் இந்தக் கதவு திறந்தே இருக்கும். இரண்டு, 15-ஆம் பிரிவின்கீழ் நீங்கள் உரிமை கேட்கும்போது "பதிவான ஒப்பந்தமே இல்லை" என்ற எதிர்வாதம் வரும். அப்போது உங்களுக்குத் துணை 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108-ஆம் பிரிவிலும், செய்ய வேண்டிய பழுதை அறிவிப்புக்குப் பிறகும் உரிமையாளர் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால் வாடகைதாரரே செய்து வாடகையில் கழிக்கலாம் என்று இருக்கிறது. பதில் நோட்டீஸில் இரண்டு சட்டங்களையும் குறிப்பிடச் சொல்லுங்கள். அதே கடிதத்தில், புதிய ஒப்பந்தம் எழுதிப் பதிவு செய்ய நீங்கள் தயார் என்றும், இத்தனாவது தேதிக்குள் அவர் வர வேண்டும் என்றும் எழுதுங்கள். தவறு யார் பக்கம் என்ற கேள்வி வரும்போது இந்த ஒரு பத்தி உங்களுக்குப் பேசும்.

15 நாள் கழிந்தும் வேலை தொடங்கவில்லை என்றால் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுங்கள். துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியை மாவட்ட ஆட்சியர் இதற்கு நியமித்திருப்பார். உங்கள் பகுதிக்கு யார் என்று கோட்டாட்சியர் அலுவலகத்தில் கேட்டால் தெரியும். மனுவோடு ஒப்பந்த நகல், வங்கிப் பதிவு, அனுப்பிய கடிதம், சேர்ந்த சான்று, படங்கள், பொறியாளர் அறிக்கை, பில்கள் ஆகியவற்றைத் தேதி வரிசையில் எண் போட்டு இணையுங்கள்.

மோட்டார் மிரட்டலுக்கு நீங்கள் பயப்பட வேண்டியதில்லை. தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. வாடகை பாக்கி அதற்குச் சாக்கு ஆகாது. நிறுத்தினால் அன்றே நேரத்தோடு வீடியோ எடுத்து, ஒரு வரியில் வாட்ஸ்அப் அனுப்பிவிட்டு, உடனடியாக இணைப்பைத் திரும்பக் கொடுக்க இடைக்கால உத்தரவு கேட்டு மனுப் போடுங்கள். பூட்டுப் போடவோ, சாமானை எடுத்து வெளியே வைக்கவோ அவருக்கு உரிமை இல்லை. வாடகை நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. காவல் நிலையத்தில் "காலி செய்துவிடுங்கள்" என்று அழைத்துப் பேசினாலும் அங்கே எதையும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

கூரை ஆபத்து என்று பொறியாளர் எழுதினால், வழக்கு முடியும்வரை அங்கே இருப்பது கௌரவம் அல்ல. குடியிருக்க முடியாத நிலையில், எழுத்தில் கேட்டும் பழுது பார்க்காத உரிமையாளருக்கு 15 நாள் எழுத்து அறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேற 15-ஆம் பிரிவே இடம் தருகிறது. அப்படிப் போவதானால், சாவியை உரிமையாளர் கையில் கொடுத்து, தேதியோடு கையெழுத்து வாங்குங்கள். சாவி உங்களிடம் இருக்கும்வரை வாடகை ஓடும். மின்மீட்டர் அளவைப் படம் எடுங்கள். ஒவ்வொரு அறையையும் வீடியோவில் சுற்றிக் காட்டுங்கள். கூரையில் ஆணி அடித்ததால்தான் காரை விழுந்தது என்று அவர் அட்வான்ஸில் பிடிக்கப் பார்த்தால் பொறியாளர் அறிக்கை பேசும். அட்வான்ஸில் நியாயமான கழிவு போக மீதியைக் காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. சாவியை அவர் வாங்க மறுத்தால், வாங்க மறுத்த தேதியைக் கடிதத்தில் எழுதிச் சாவியைத் தபாலில் அனுப்பி, அந்தச் சான்றை வைத்திருங்கள்.

வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் அழைத்தால் உங்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை எப்படி அணுகுவது என்று சொல்வார்கள். மனுவை உங்கள் பெயரில் போட, ஒப்பந்தத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கணவர் பெயர் மட்டும் இருந்தால் மனுவும் அவர் பெயரில்தான் போக வேண்டும். அப்போது இந்தச் சலுகைக்கான தகுதியை அவர் பெயரில் பார்ப்பார்கள். அதைத் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டு, நோட்டீஸ், உறை, ஒப்பந்தம், வங்கிப் பதிவு நான்கையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே போய்ப் பாருங்கள்.